றோட்டைக் காணாத நாலு ரயர்

இஞ்சேருங்கோ எண்டே காலமெல்லாம் நான் கூப்பிட்ட என்ர அவருக்கு,

களைச்சுப் போனன். எங்கட மகள் சுகியை மூதூரிலயிருந்து பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து படுக்கவிட்டிட்டு, ஈரச் சீலையோட கதிரையில இருந்து எழுதுறன். மருமகன் கட்டாரில. நீங்கள் போய்ச் சேர்ந்திட்டீங்கள். கார் ஓட என்னை விட்டா ஆர் இருக்கினம்?

மாரி தொடங்கீற்று. காரில கிடந்தது நீங்கள் ஓடித் தேய்ச்ச மொட்டை ரயர். அதோட மழையில ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்தேலுமே? அதுதான் உங்கட புதுசு நாலையும் கட்டிலுக்குக் கீழயிருந்து இழுத்தனான். தட்டுப்பாட்டுக் காலத்தில கடை கடையா அலைஞ்சு வாங்கினது. சுகிட கலியாணத்துக்கு முதலே போடுங்கோ எண்டன். "பொறப்பா, பேரப்பிள்ளை வரேக்க போடுவம்" எண்டீங்கள். பொலித்தீன்கூடக் கழட்ட விடேல்ல.

நேற்று பூட்டக் கொண்டுபோக, ரயர் கடைக்காரர் பொலித்தீனைக் கிழிச்சு, ஒண்டை அமத்திக் காட்டினார். பக்கமெல்லாம் மெல்லிசு மெல்லிசா வெடிப்பு. "அக்கா, இது ஓடாமலே வயசு போட்டுது. இறப்பர் இறுகீற்று. ஈர றோட்டில பிடிக்காது."

நான் விடேல்ல. "என்ர மனிசன் பாத்து வாங்கினது, வடிவாப் பாருங்கோ" எண்டு சண்டை பிடிச்சன். பாவம், கடைக்காரரில என்ன பிழை? உங்களிலதான் கோவம் கோவமா வந்திச்சு. மொட்டையில ஓடித் திரிஞ்சு, நல்லதைப் பொத்தி வைச்சு, என்னத்தைக் கண்டீங்கள்? கடை வாசலிலயே அழுதிட்டன்.

ஜப்பானில பாவிச்சது இருக்கு, மலிவு எண்டார். அதின்ர வயசு மட்டும் ஆருக்குத் தெரியும்? வேண்டாமெண்டன். கார்க் கதவில ஒட்டியிருக்கிற அளவைப் பாத்து, அதே அளவில, இந்த வருசம் செய்ததா, மழைத்தண்ணியை வெளிய தள்ளுற ஆழமான வெட்டுள்ளதா நாலு கேட்டு வாங்கிப் பூட்டினனான். வேற ஒண்டும் யோசிக்கேல்ல. மழையில பிரேக் பிடிச்சாக் கார் நிக்கவேணும், அவ்வளவுதான்.

இண்டைக்குக் கிண்ணியாப் பாலம் தாண்டேக்கயே பேய் மழை. ரவுணுக்குள்ள, துறைமுக றோட்டில ஒரு மான் குறுக்க வந்து நிண்டுது. தெருத் தெருவாத் திரியிற எங்கட ரவுண் மானுக்கு ஆரில பயம்! ஐயோ எண்டு பிரேக்கை மிதிச்சன். கார் இழுபடாமல் அப்பிடியே நிண்டுது. சுகி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு மூச்சு விட்டாள். பிறகு கேட்டாள்: "அம்மா, இது அப்பா எடுத்து வைச்ச ரயர்தானே?"

"ஓம்" எண்டனான்.

உங்கட நாலும் வீட்டு முத்தத்தில நனையுது. தண்ணி தேங்கி நுளம்பு வந்தா சுகாதாரக்காரர் என்னைத்தான் பேசுவினம். விடியப் பழைய ரயர் எடுக்கிற ஆளிட்டக் குடுத்திடுவன். கோவிக்காதேங்கோ.

ஆனா இந்தப் புதுசை நான் பொத்தி வைக்கமாட்டன். பேரப்பிள்ளையை ஏத்திக்கொண்டு எல்லா இடமும் ஓடித் தேய்ப்பன். தேஞ்ச உடன மாத்துவன். உங்களாணையாச் சொல்லுறன்.

அம்மம்மா ஆகப்போற,
உங்கட மனிசி