நெல்வினும் ஹாங்காங் பேயும்

மார்ச் 22, 2025, சனி

தோல் தொழிற்சாலையில் நாளெல்லாம் தரம் பார்த்துவிட்டு வந்து, யூடியூப் சேனலுக்கு ஒரு ஹாங்காங் படத்தின் கதையைத் தமிழில் சொல்லிப் பதிவேற்றினேன். பாதிப் படம் கட்டிலில், மீதி ரத்தத்தில். ஒரு பணக்காரனுக்கு இரண்டு வைப்பாட்டிகள். மூத்தவள் இளையவளைக் கொன்று, தோலை உரித்து முரசு செய்கிறாள். செத்தவள் பேயாக வந்து பழிவாங்குகிறாள். உரித்த மறுநாளே முரசாம்! இயக்குநர் ஜென்மத்தில் தோலைத் தொட்டிருப்பானா? பொறுக்காமல் நானே ஒரு வரி சேர்த்தேன்: ‘நாலு நாள் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, சதை சீவினாள்.’

தவக்காலத்தில் இதைப் பார்க்க நாற்பதாயிரம் பேர் வருவார்கள். வெட்கங்கெட்ட ஜனம். சொல்கிற நான்? முகம் காட்டுவதில்லை, குரலையும் கம்ப்யூட்டரில் கனமாக்கிவிடுகிறேன். கோயிலில் ஒருவருக்கும் தெரியாது.

மார்ச் 27

வேலையிடத்தில் தபரேஸ் ஒரு யூடியூப் சேனலைக் காட்டினான். “உங்க சர்ச்சு ஸ்பீக்கர்ல வாசிக்கிற நெல்வின் கொரல் மாதிரி இல்ல?”

நெல்வினேதான். மூக்கால் பேசும் குரல், மறைக்கக்கூடத் தெரியவில்லை. அதே படம், சொல்லுக்குச் சொல் என் கதை. சுண்ணாம்புத் தொட்டியும் இருக்கிறது. ஈயடிச்சான் காப்பி.

இவனைத்தான் பெரிய வெள்ளிக்கு, இயேசு சிலுவையில் பட்ட பாட்டைச் சொல்லும் திருப்பாடுகளை வாசிக்கவைக்கலாமா என்று பாதர் யோசிக்கிறார். பதினோரு வருஷமாக நான் வாசிக்கிற இடம். விட்டுக்கொடுப்பேனா?

ஏப்ரல் 6, ஞாயிறு

“எப்டி நிறுத்தி வாசிக்கணும்னு சொல்லித் தாங்கண்ணா” என்று நெல்வின் வந்து பல்லிளிக்கிறான். தூ.

ஏப்ரல் 8

பாதரிடம் போய் நெல்வினின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம்கூடப் பார்க்க முடியவில்லை அவரால். உடனே அவனைக் கூப்பிட்டார்.

“தப்புதான் பாதர். ஆனா நானா எதுவும் சேக்கல. படத்துல இருக்கறதத்தான் சொன்னேன்” என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “பொய் பாதர். சுண்ணாம்புத் தொட்டி படத்துல எங்கடா வருது? அது நான் எழுதுனது.”

பாதர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க எழுதினதா, ஜார்ஜ்?”

நெல்வின் வாயைப் பிளந்தான். “அந்தச் சேனல் நீங்களாண்ணா? மூணு வருஷமா பாக்கறேன்.”

ஏப்ரல் 9

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் இல்லையா — முட்டாள், முட்டாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

திருப்பாடுகளை நர்ஸ் கரோலின் வாசித்தார். மூன்று இடத்தில் தடுமாறினார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

எனக்கும் நெல்வினுக்கும் பாதர் கொடுத்தது அந்த வாசிப்பில் வரும் ஜனக்கூட்டத்தின் பாகம். இருவருக்கும் ஒரே மைக். ‘அவனைச் சிலுவையில் அறையும்!’ என்று கத்த வேண்டிய இடம் வந்தது. அவன் குரல் என் குரலுக்கு மேலே போகக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவனும் அதே நினைப்பில்தான் கத்தினான். கோயிலில் வேறு யார் குரலும் கேட்கவில்லை.