கையை நீட்டி எடுக்கும் அளவு

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நாலு வரி எழுதிப் போட்டால் இந்தச் சுகம் முழுசாகும். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் தையல் மிஷின் எவ்வளவு சத்தமாக ஓடினாலும் உன் அப்பாவின் காது போன் பக்கம்தான் இருக்கும், அவரைப் பற்றிய சேதியை அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது.

அப்பா வராவிட்டால் பட்டம் வாங்க மேடை ஏறமாட்டேன் என்று நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆம்பளைப் பிள்ளை நர்ஸ் வேலைக்கா படிப்பான் என்று அவர் உன்னோடு பேச்சை நிறுத்தியதும், கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் பையன் வெளியூரில் என்னவோ படிக்கிறான் என்று மென்று விழுங்குவதும் உனக்குத் தெரியாததா.

நான் இப்போது ஆஸ்பத்திரியில் தொண்டராகப் போகிறேன் அல்லவா, சம்பளம் கிடையாது, வழி தெரியாமல் நிற்பவர்களை வார்டில் கொண்டுபோய் விடுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்குப் பேச்சுக் கொடுப்பது, கடைசி வேலைக்கு என்னை விட்டால் ஆளே இல்லை என்று தலைமை நர்ஸம்மா சொல்கிறார். அவர்தான் போன மாதம் ஆண் நர்ஸுகளுக்குச் சட்டை தைக்க நம் கடையில் கொடுத்தார். அப்பாவும் கல்யாண மாப்பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி உடம்போடு ஒட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்துக் கொடுத்தார். அத்தனையும் அக்குளில் கிழிந்து திரும்பி வந்துவிட்டன. அவர் தைத்தது திரும்பி வருவது இதுதான் முதல் தடவை, விடுவாரா, என் தையல்ல குறையே கிடையாது, போட்டவனுக்குத்தான் போடத் தெரியலைன்னு கத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார், மானம் போகிறதே என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

நர்ஸம்மா சண்டைக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் வார்டுல நின்னு பாருங்க, அப்புறம் திட்டுங்க என்றார். அங்கே உன் வயசுப் பிள்ளை ஒருவன், பக்கவாதத்தில் படுத்திருந்த கனத்த மனிதரை முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து நெஞ்சோடு அணைத்து எழுப்பி உட்காரவைத்தான். தையல் பிரிகிற சத்தம் எனக்கே கேட்டது. உன் சட்டையைக் கிழிச்சிட்டேனேப்பா என்று அவர் நாக்குக் குழறச் சொன்னார், அதுக்கென்னங்க, நீங்க உக்காந்தீங்களே அது போதும் என்றான் அந்தப் பிள்ளை. எனக்கு அங்கே உன்னைத்தான் தெரிந்தது. உன் அப்பா அந்தக் கிழிசலையே குனிந்து பார்த்தார்.

வெளியே வரும்போது நடைவழியில் மாட்டியிருக்கும் பழைய போட்டோ முன்னால் அவரை நிறுத்தினேன். ஆஸ்பத்திரி தொடங்கிய காலத்து நர்ஸுகள், பின்வரிசையில் முறுக்கு மீசையோடு நாலு பேர். அப்பல்லாம் ஆம்பளை வார்டை இவங்கதான் பார்த்துக்கிட்டாங்களாம், உங்க பையன் ஒண்ணும் புதுசா ஆரம்பிக்கலை என்றேன். அப்பா ஆட்களைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார். கையை எவ்வளவு தொளதொளன்னு வெட்டியிருக்கான் பாரு, தைச்சவனுக்கு இந்த வேலை தெரிஞ்சிருக்கு என்று முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாச் சட்டையையும் பிரித்து, அக்குளில் துண்டுத் துணி சேர்த்துத் திரும்பத் தைத்தார். நேற்று கடைக்கு வந்த வாத்தியார் இதெல்லாம் யாருக்கு என்று கேட்க, நர்ஸுகளுக்குங்க, என் பையனும் நர்ஸ்தான் என்றார், உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கேட்கிற சத்தத்தில். நீ படிப்பில் சேர்ந்த நாளிலிருந்தே எனக்குப் பெருமைதான், ஆனால் இத்தனை நாள் ஒருத்தியாகவே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், இப்போது பங்குக்கு ஆள் வந்துவிட்டார்.

பட்டமளிப்புக்கு வருவீர்களா என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டால் முறுக்கிக்கொள்வார். நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணா, உன் கை பட்டவர்களெல்லாம் எழுந்து உட்கார வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. இன்று காலை அப்பா நல்ல வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துக் காயப்போட்டுவிட்டு, உன் அளவை வாங்கிப் போடச் சொன்னார். விறைப்பாக நின்று எடுத்த அளவு வேண்டாமாம், ஒருத்தரைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி எடுக்க வேண்டுமாம். உடனே அனுப்பு. சட்டையைத் தபாலில் போட்டால் கசங்கிவிடுமாம், அவரே கையில் கொண்டு வருகிறாராம்.

உன் அம்மா