மூன்று வேளைக்கு ஒரு மேசை

நவம்பர் 6, திங்கள். தியெஸ்

சேன்-லூயி நூலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி, புதன்கிழமையிலிருந்து மூன்று நாள் வேலை. ஆற்று நீர்மட்டப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்களாம். பழைய கையெழுத்தில் எது ஒன்று, எது ஏழு என்று சொல்ல ஆள் வேண்டும். அவற்றை எழுதிய அலுவலகத்தில் நான் முப்பத்து நான்கு ஆண்டு இருந்தேன். அங்கே வேலை பார்த்தவர்களில் 'தொடர்புகொள்ள முடிந்தவர்' நான் ஒருவன்தான் என்று எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் இறந்துபோனதை இப்படியும் சொல்லலாம் போல.

காலையில்தான் வேலை. மதியத்துக்குப் பிறகு என் பொழுது. நான் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் செய்னபுவும் அந்த வாரம் அங்கே இருப்பாள், அண்ணன் மதிக்கே ஜோப் வீட்டில்.

"அப்படியே வந்து அண்ணன்கிட்டக் கேட்டுடுங்க. அறுபத்திமூணு வயசானாலும் பொண்ணு பொண்ணுதானே, கேக்காம குடுப்பாங்களா?" என்றாள்.

அண்ணனிடம் கேட்பதற்கு முன் அவளிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கே வைத்துச் சொல்வது?

நவம்பர் 8, புதன்

ஏப்ரலிலிருந்து வலது கை நடுங்குகிறது. சும்மா இருக்கும்போது இல்லை. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போதும், பொத்தான் போடும்போதும். மேலே எழுதியதைப் பார்த்தாலே தெரிகிறது. 'ஏழு' என்பது ஏதோ பூச்சி மாதிரி கிடக்கிறது. ஒன்று எது, ஏழு எது என்று சொல்லப் போகிறவன் நான்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்.

செய்னபு முப்பத்தொரு வருடம் மருத்துவச்சியாக இருந்தவள். கணவர் படுக்கையில் கிடந்த ஆறு வருடமும் அவள்தான் பார்த்தாள். மருந்துக்கடை வரிசையில் நின்றபோது ஒருநாள் சொன்னாள்: "இனிமே யாருக்கும் தலையணை தூக்கி வைக்க என்னால ஆகாது." என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள். பொதுவாகச் சொன்னதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 9, வியாழன்

சாப்பிடும் இடம் தேடுவதிலேயே காலை போயிற்று. மூன்று நாள், மூன்று மதியச் சாப்பாடு. முதல் நாள் ஒன்றும் பேசாமல் சாப்பிடுவது, இரண்டாம் நாள் கையைப் பற்றிச் சொல்வது, மூன்றாம் நாள் அவள் பதிலைக் கேட்பது. அதற்குப் பொருத்தமாக இடம் வேண்டும்.

நாற்காலிக்குக் கைப்பிடி இருக்க வேண்டும், முழங்கையை ஊன்றிக்கொள்ள. மேசை ஆடக் கூடாது. கரண்டி கனமாக இருந்தால் நல்லது. இலேசான கரண்டி துள்ளுகிறது. சுவர் ஓர மேசையாக இருந்தால் மற்றவர்களுக்கு என் முதுகு மட்டும் தெரியும்.

சேன்-லூயித் தீவின் வடமுனையில், ஆற்றைப் பார்த்தபடி வெள்ளைத் துணி விரித்த இடம் ஒன்று. ஒரு பழைய விடுதியின் முற்றம் இரண்டாவது. அங்கே பாட்டுக் கச்சேரி உண்டாம், யோசிக்க வேண்டும். மூன்றாவது, சந்தைக்குப் பக்கத்தில் அராம் என்ற அம்மாள் நடத்தும் சோற்றுக்கடை. அங்கே பெஞ்சுதான் இருக்கும் என்று சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கேட்டேன்.

"நாற்காலி இருக்கு."

"கைப்பிடி வைத்ததா?"

"ரெண்டு இருக்கு."

"மேசைக்கால் சமமாக இருக்குமா? தரை எப்படி?"

"பெரியவரே, நீங்க சாப்பிட வர்றீங்களா, கட்டடத்தை வாங்க வர்றீங்களா?"

மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். பிறகு மறுபடி கூப்பிட்டு வெள்ளிக்கிழமைக்கு அந்த இரண்டு நாற்காலிகளையும் சொல்லிவைத்தேன்.

நவம்பர் 11, சனி

பெண்ணிடம் எதுவும் சொல்லாமலே கல்யாணம் செய்துகொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவனா? அப்படித்தான் என்று தோன்றியது. நாள் முழுக்க.

நவம்பர் 14, செவ்வாய். சேன்-லூயி

ஏழு பேர் ஏறும் வாடகை வண்டி. ஓட்டுநர் பெயர் கேட்டார். "மாஸாம்ப நிஜாய்" என்றேன்.

"நிஜாயா? அடக் கடவுளே. நான் ஜோப். வண்டில வாழைப்பழம் வச்சிருக்கவங்க எல்லாம் மடியில எடுத்து வச்சுக்குங்க. நிஜாய் ஏறியிருக்காரு."

வண்டியே சிரித்தது. பின்சீட்டுப் பெண் தன் பையை நிஜமாகவே மடிக்கு எடுத்துக்கொண்டாள். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே இரண்டு குலத்துக்கும் இந்தக் கேலி உண்டு: ஜோப்புக்கு நிஜாய் சோற்றுப் பானை, நிஜாய்க்கு ஜோப் கஞ்சன். முகம் தெரியாதவர்கள்கூட இப்படித்தான் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். உடனே பதில் கொடுத்திருக்க வேண்டும். எனக்குப் பதில் லூகா ஊரைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது. அதற்குள் ஓட்டுநர் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நடந்துபோய் வெள்ளைத் துணி இடத்தைப் பார்த்தேன். நாற்காலி சரியாக இருக்கிறது. மேசை இலேசாக ஆடியது. தாளை மடித்துக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 15, புதன்

காலை வேலை நன்றாகப் போயிற்று. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏழா, ஒன்றா என்று முடிவு செய்ய முடியவில்லை. அது நானே எழுதியது.

மதியம் செய்னபு வந்தாள். மஞ்சள் உடுப்பு, தலைத்துணியும் அதே மஞ்சள். அண்ணனிடம் 'ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"இந்த வயசுல பொய் சொல்ல வச்சுட்டீங்க. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

கனமான கரண்டிதான். களவா மீனை முள் எடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கை ஓரளவு அடங்கியிருந்தது. இன்றைக்கே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் மீன் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஓர் ஆள் சமையலறைப் பக்கம் போனான். போனவன் நின்று, "அத்தை! சாப்பாடு ஆச்சா?" என்றான்.

செய்னபுவின் முகம் மாறிவிட்டது. "போச்சு. அண்ணனோட ஆளு. இந்தக் கடைக்கு மீன் போடுறதே அண்ணன்தான்."

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதிக்கே மீன் மொத்த வியாபாரி. தீவில் எந்தக் கடையில் மீன் வெந்தாலும் அது அவருக்குத் தெரியாமல் வேகாது. நாற்காலியின் கைப்பிடி வரை விசாரித்தவன் மீன் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கவில்லை.

"அங்க வீட்டுல எனக்குன்னு இடம் விட்டு வட்டமா உக்காந்திருப்பாங்க. நான் இங்க நாற்காலியில உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன். அண்ணன் இருக்கிற ஊர்ல! என்னைச் சொல்லணும்" என்றாள். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி வந்தது. மதிக்கே ஜோப்.

"வணக்கம் ஐயா. ஊருக்கு வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வர முடியுங்களா ஐயா?"

இரண்டு ஐயா. சோற்றுப் பானை என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு ஜோப் நிஜாயிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் கதவைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம்.

நவம்பர் 16, வியாழன்

விடுதி முற்றத்தையும் அராம் அம்மாள் கடையையும் ரத்து செய்தேன்.

"மேசைக்கால் பிடிக்கலையா?" என்றார் அராம்.

"அப்படி இல்லை. ஒரு வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள்."

"வீட்டுல கூப்பிட்டா வீட்டுக்குப் போங்க. அத விட்டுட்டு நாற்காலி தேடிக்கிட்டு" என்றார்.

வீட்டில் நாற்காலி கிடையாது. பாயில் உட்கார வேண்டும். நடுவில் ஒரே தட்டு, சுற்றி எல்லோரும், கையால்தான். கரண்டி கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள். முழங்காலை மடக்கி அதன்மேல் முழங்கையை ஊன்றினால்? அறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அறுபத்தொன்பது வயதில் எழுந்திருக்கக் கட்டிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

செய்னபுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

மதிக்கே கஞ்சி போட்ட வெள்ளை அங்கியில் வாசலில் நின்றிருந்தார். "வாங்க ஐயா. இந்தப் பக்கம் உக்காருங்க ஐயா." அவர் மனைவி பெண்டா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மீன்சோறு. நடுவில் களவா, கத்தரி, கேரட், கோசு. செய்னபு எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"கரண்டி தரட்டுங்களா?" என்று பெண்டா கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கடைசி வாய்ப்பு அது.

பெண்டா மீனைப் பிட்டு என் பக்கம் தள்ளினார். முதல் பிடி எப்படியோ போய்ச் சேர்ந்தது. இரண்டாவது பாதி வழியில் சிதறியது. எல்லோரும் மரியாதையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை கத்தரித் துண்டு கையிலிருந்து துள்ளி மதிக்கேயின் சட்டைக்கையில் விழுந்தது. சிவப்பு எண்ணெய் வெள்ளைத் துணியில் பரவுவதை எல்லோரும் பார்த்தோம்.

அப்போது சொல்லிவிட்டேன். நான் தீர்மானிக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. "ஏப்ரலிலிருந்து இப்படித்தான் நடுங்குகிறது. என்ன வியாதி என்று தெரியாது. டாக்டரிடம் போகவில்லை. செய்னபுவிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் அன்றைக்குக் கடைக்குக் கூப்பிட்டேன், அங்கேயும் சொல்லவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வந்தேன், இப்போது கேட்க வாய் வரவில்லை."

மதிக்கே தன் சட்டைக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தியா பெண்டா? சோத்தைப் பாத்ததும் நிஜாய்க்குக் கை ஆடுது. இவங்க பாட்டனுக்கும் ஆடுமாம். எங்கப்பா சொல்லியிருக்காரு."

பெண்டா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏய் நிஜாய், மெதுவாத் தின்னு. தட்டு எங்கயும் ஓடிப் போகாது. எங்களுக்கும் ரெண்டு பருக்கை வை" என்று சொல்லிக்கொண்டே அவரே மீனைப் பிட்டு, முள் பார்த்து, உருட்டி என் பக்கத்தில் வைத்தார். ஐயா எல்லாம் போய்விட்டது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஜோப் வீட்டில் சோறு போடுவது ஆயுளுக்கு ஒரு தடவை. கை ஆடாமல் என்ன செய்யும்?" என்றேன்.

மதிக்கே தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "கேக்க வந்ததை எங்கிட்டக் கேக்காதே. எனக்குச் சம்மதம். அவகிட்டக் கேளு."

செய்னபு சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். புறப்படும்போது கதவருகே நின்றாள்.

"ஏப்ரல்லேருந்தா?"

"ஆமாம்."

"இது நவம்பர்" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 18, சனி. தியெஸ்

வந்து சேர்ந்தேன். வண்டியில் யாரும் பெயர் கேட்கவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

அழைப்பு இல்லை. நானும் அழைக்கவில்லை. அழைத்து என்ன சொல்வது?

நவம்பர் 24, வெள்ளி

காலை பத்து மணிக்குச் செய்னபு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவுமில்லை.

"என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் படுத்திருந்தாரு. தலையணை தூக்கி வைக்கிறதுல ஒண்ணும் கஷ்டமில்ல. எங்க வலிக்குதுன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு. நான் ராத்திரி பகலா முகத்தைப் பாத்துப் பாத்துக் கண்டுபிடிக்கணும். அதான் என்னால இனிமே ஆகாது. புரியுதா?"

புரிந்தது என்றேன்.

"மூணு நாளைக்கு மூணு கடை பாத்தீங்களே, ஒரு டாக்டரப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

"டக்கார்ல நரம்பு டாக்டர். டிசம்பர் பதினாலு, சாயங்காலம் அஞ்சு மணி. நான் பேசி வாங்கிட்டேன். வருவீங்களா, மாட்டீங்களா?"

"வருவேன்."

"இப்ப வலி இருக்கா?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "தோளில் இருக்கிறது. காலையில் அதிகம்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

மதிக்கே கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார். பதினாலாம் தேதி, மாலைத் தொழுகை முடிந்ததும், அவர் பேட்டைப் பள்ளிவாசலில். என் பக்கத்துக்குத் தம்பி பிரான் பேசுவான். அன்றைக்கு டாக்டர் இருக்கிறார் என்று பதறிப்போய்ச் செய்னபுவைக் கூப்பிட்டேன். டாக்டர் தேதியை விட்டால் இனி பிப்ரவரிதான்.

"நம்ம ஊர்ல பொண்ணும் மாப்பிள்ளையும் என்னைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருக்காங்க? பெரியவங்க முடிச்சு வைப்பாங்க. நாம டாக்டரைப் பாப்போம்" என்றாள்.

டிசம்பர் 14, வியாழன். டக்கார்

ஐந்து மணிக்கு எங்களை உட்காரவைத்தார்கள். ஐந்தேகால் ஆயிற்று. தாதி ஒருத்தி படிவத்தோடு வந்தாள். பெயர், வயது, எந்தக் கை, எப்போதிலிருந்து. ஏப்ரலிலிருந்து என்று செய்னபு சொன்னாள்.

"கூட வந்திருக்கவங்க என்ன உறவு?"

கடிகாரத்தைப் பார்த்தேன். தொழுகை முடிந்திருக்கும். பேச்சு முடிந்திருக்குமா என்று தெரியவில்லை. பிரான் நீட்டி முழக்கிப் பேசுகிறவன்.

"அந்தக் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட முடியுமா? ஒரு பத்து நிமிடம்" என்றேன்.

தாதி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். செய்னபு தலைத்துணி முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

ஐந்து இருபத்தாறுக்கு மதிக்கே கூப்பிட்டார். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம். "முடிஞ்சுது. கல்யாணக் கோலாக்கொட்டை குடுத்துக்கிட்டிருக்காங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

இன்னும் உள்ளே போகவில்லை என்றேன். தாதியிடம் சொன்னதும் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே எழுதிடுங்க, பெரியவரே."

எழுதினேன். நேரமாயிற்று. எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. தாள் நகராமல் இருக்க அதன் ஓரத்தைச் செய்னபு விரலால் அழுத்திக்கொண்டாள். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.