புகைக்கறிக்கு ஒரு சம்பல்

நானா,

இன்று காலை வீட்டில் மாசிக் கருவாட்டைத் தணலில் வாட்டினார்கள். அந்தப் புகை மணம் மூக்கில் ஏறியதும், பேப்பரை மடித்து வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் நீங்கள் மறைந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். அதற்கு இரண்டு நாள் முன் உங்கள் மகன் என்னைத் தேடி ஆபீசுக்கே வந்துவிட்டான். நீங்கள் விரும்பிச் சாப்பிட்ட, புகையில் வாட்டிய மாட்டிறைச்சியைத்தான் விருந்தில் வைக்கிறார்களாம். "தொட்டுக்க என்ன வைக்கிறதுன்னு வீட்டுல ஒரே சண்டை மாமா. அத்தாவுக்குப் பிடிச்சது தப்பிப் போச்சுன்னா உம்மா மனசு தாங்காது. உங்களுக்குத் தெரியுமா?" என்றான். கேட்டது யாரிடம் பாருங்கள். மாட்டிறைச்சியை வாயில் வைத்தே அறியாத, கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியிடம்.

ஆனால் எனக்குத் தெரியும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் துரையின் பிரிவு விருந்துக்கு அதே இறைச்சி. பொறுப்பு என் தலையில். விருந்து கெட்டால் வேலை நிரந்தரமாகாது என்று பெரிய கிராணி சொல்லியிருந்தார். பள்ளிவாசல் பக்கத்திலிருந்த உங்கள் சாப்பாட்டுக் கடைக்கு ஓடி வந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"நீங்க மாசிச் சம்பல் சாப்பிடுவீங்கள்ல தம்பி? அதே புகை, அதே இறுக்கம்தான். கூடக் கொஞ்சம் கொழுப்பு. கொழுப்பை வெட்டப் புளிப்பு வேணும்."

இறால் விழுதில் இடித்த பிளாச்சான் சம்பலைக் காட்டினேன். "அதுவும் மணக்கும், கறியும் மணக்கும். ஒரே வீட்டுல ரெண்டு மாமியாரா?" என்றீர்கள். கிச்சாப் என்ற உப்புச் சோயாச் சாற்றையும் தள்ளினீர்கள், கறி ஏற்கெனவே உப்பில் ஊறியதாம். துரைக்குப் பழகிய கடுகு விழுதுக்கு மேசை ஓரத்தில் ஓர் இடம் கொடுத்தீர்கள். நடுவில் வைக்கச் சொன்னது சின்ன வெங்காயம், இடித்த பச்சைமிளகாய், நாங்கள் தேசிக்காய் என்னும் எலுமிச்சையின் புளி சேர்ந்த சம்பல். "நானும் இப்படித்தான் சாப்பிடுவேன். வீட்டுல சொன்னா, எல்லாத்துக்கும் குழம்புதான்னு சத்தம் போடுவாங்க" என்று குரலைத் தாழ்த்தினீர்கள்.

துரை மூன்று முறை கேட்டு வாங்கினார். என் வேலையும் நிலைத்தது.

உங்கள் மகனிடம் அதையே சொன்னேன். அவன் நம்பாமல்தான் போனான். விருந்தன்று உங்கள் மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பெண்கள் பக்கத்துத் திரைக்கு அப்பால், "கடையில இப்படித்தான் ஒளிச்சுச் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்களாம். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்களாம்.

எனக்கு வெறுஞ்சோறும் அந்தச் சம்பலும் தனிக் கிண்ணத்தில் வந்தன. மாட்டிறைச்சி படாமல் எனக்கென்று நீங்கள் கடையில் வைத்திருந்த அதே தனி அகப்பையால் உங்கள் மகன் பரிமாறினான். எதை மறந்தாலும் அந்த அகப்பையை நான் மறக்கப் போவதில்லை.

இரண்டாவது கவளத்தில் கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று உங்கள் மகனிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன், நானா.