மூன்று சிரட்டை

காலையில் குழம்புக்குப் புளி கரைக்கையில் விரலில் ஒரு கொட்டை அகப்பட்டது. பாரிசில் வாங்கும் பைக்கற் புளியில் கொட்டை வருவது அபூர்வம். எறிய மனம் வரவில்லை. கழுவி மேசையில் வைத்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன், சிநேகிதி.

மானிப்பாயில் உன் வீட்டு விறாந்தையில் நாம் எண்ணியது இதைத்தானே. போர் உன் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டது. புள்ளிவிபரவியலைப் பாதியில் விட்டு நீ வீட்டிலிருந்தாய். நானோ பிரான்சுக்குப் போய்த் தஞ்சம் கேட்பதற்காக என் கதையைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தேன். “போரால் வீட்டை இழந்தேன்” என்ற வரியில் முட்டுப்பட்டேன். அந்த ‘ஆல்’ என்பதற்கு அகராதி மூன்று தொடர் தந்தது: கிறாஸ் ஆ, ஆ கோஸ் து, அன் றெஸோன் து. வாய்க்கு இனிமையாக வந்த முதலாவதை எழுதிவிட்டேன்.

“மூண்டும் ஒண்டெண்டால் அவங்கள் ஏன் மூண்டு வைச்சிருக்கிறாங்கள்?” என்றாய்.

உன் அண்ணை பாரிசிலிருந்து அனுப்பிய பார்சலில் கோப்பைகளைச் சுற்றி வந்த பிரெஞ்சுப் பேப்பர்களைத் தடவி விரித்தாய். தொடருக்கு ஒன்றாக மூன்று தேங்காய்ச் சிரட்டை வைத்தாய். பேப்பரில் ஒரு தொடர் வந்தால் அதன் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை. அதன் பின்னால் வந்தது கெட்ட சங்கதியென்றால், சுண்ணாம்பு பூசிய கொட்டை.

“மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிட்டையே கேக்கிறதே? அயலட்டையிலை விசாரி!” என்றாய். சொல்லுக்கு அயலட்டை அதன் பக்கத்தில் வரும் சொற்களாம்.

முதல் பக்கத்திலேயே விளங்கிவிட்டது என்று நான் எழும்பினேன். “இருடி. ஒரு வீட்டிலை கேட்டுப்போட்டுக் கலியாணம் முடிக்கிறதே?” என்று மறித்தாய். அரியாலை வரை சைக்கிள் உழக்கி, வெளிநாட்டுப் பார்சல் வந்த வீடுகளிலெல்லாம் கசங்கிய பேப்பர் கேட்டோம். எங்களுக்கு விசர் என்றார்கள். நிறைந்த சிரட்டையைக் கண்டு நான் மயங்கியபோது, “எத்தினையெண்டு பாராதை, எத்தினைக்கு எத்தினை வெள்ளையெண்டு பார்” என்று அதட்டினாய்.

கடைசியில் ஆ கோஸ் து சிரட்டை வெள்ளையாகக் கிடந்தது: விபத்து, பனி, நோய். அன் றெஸோன் து அரசாங்க அறிவித்தல்களில் வரும் கந்தோர்ச் சொல்; நல்லதும் கெட்டதும் கலந்திருந்தன. நான் எழுதிய கிறாஸ் ஆவின் சிரட்டையில் சுண்ணாம்பையே காணக் கிடைக்கவில்லை. அதன் அயலட்டையில் வைத்தியர், மழை, உதவி.

“எடியே, போருக்கு நன்றி சொல்லியெல்லோ எழுதியிருக்கிறாய்!”

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வீட்டை எரித்த போருக்கு நன்றி சொல்பவளுக்கு யார் தஞ்சம் கொடுப்பார்கள்? வரியை வெட்டி ஆ கோஸ் து என்று மாற்றினேன்.

நான் வந்து சேர்ந்தேன். அடுத்த மாரியில் அந்த விறாந்தையில் ஒரு செல் விழுந்து வெடித்தது. நீ அங்கேதான் இருந்தாயாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது தஞ்சம் கேட்பவர்களின் கதைகளை நான் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கிறேன். அயலட்டையை எண்ணித் தரக் கணினி இருக்கிறது. எத்தனைக்கு எத்தனை என்று பாராமல் ஒரு வரியையும் விடமாட்டேன். அவசரப்படுத்துகிறவர்கள் காத்திருக்கட்டும்.

போரால் இங்கே வந்தேன். உன்னால் இங்கே வந்தேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’தான். பிரெஞ்சில் உங்கள் இருவரையும் நான் ஒரு சிரட்டையில் போடவே மாட்டேன்.