அப்பாவுக்கு ஓட்டுப் போடாதீர்கள்

அன்பு மகள் சுன்னிவாவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்ட ஆடுகளும் சுகம். அங்கே ஆஸ்திரேலியாவில், ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் சின்னதும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய், போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று, மன்றத்தில் செய்வது போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் கொண்டுவருவார். நான் செய்த வேலைக்குத் திருத்தமே கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பாவை அரசியலுக்குள் தள்ளியதே நம் ஸ்கார்விக்கின் கடைசிப் படகுதான். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் நம் ஃபியோர்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கும் கரைக்குப் போகிற ராத்திரிப் படகை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் கோபத்தோடு ஊர் மன்றத்துக்குப் போனவர், கோபம் ஆறிய பிறகும் வீடு திரும்பவில்லை. உறுப்பினர் ஆனார், மேயர் ஆனார், அப்புறம் நாடாளுமன்றத்துக்கு மாற்று உறுப்பினர். நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் அமைச்சராகிவிட, காலியான நாற்காலியில் இவர் போய் உட்கார்ந்தார். ஒஸ்லோவில் இருந்த காலமெல்லாம் ராணுவத்தைப் பற்றிப் பேச எழுந்தாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச எழுந்தாலும் கடைசியில் பேச்சைக் கொண்டுவந்து படகில்தான் கட்டுவார். சபையே சிரிக்குமாம். ஆனால் படகு நிற்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்ததும் சத்தியம் செய்தார், “இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன் குன்வோர், நவம்பர்ல ரெண்டு பேரும் ஹோபார்ட் போறோம், குழந்தையை நான்தான் முதல்ல தூக்குவேன்” என்று. நானும் நம்பினேன். வசந்தம் வந்ததோ இல்லையோ, உள்ளூரில் கட்சியைப் பார்த்துக்கொள்ளும் கேத்தில் வந்து நம் சமையலறையில் உட்கார்ந்துவிட்டான். வேட்பாளர் வரிசையில் கடைசிப் பெயராக அப்பாவின் பெயர் வேண்டுமாம், பழைய மேயர்களுக்குச் செய்கிற மரியாதையாம். “சும்மா அலங்காரத்துக்குத்தான் ஐலிஃப், கடைசிப் பேருக்கு யாரு போடப் போறா” என்றான். உன் அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகும்போது என்னிடமும், “பெண்கள் பேரு குறையுது, உன் பேரையும் சும்மா நடுவுல போட்டுக்கறேன், இடம் நிரப்பத்தான்” என்றான். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது, தலையாட்டிவிட்டேன்.

நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதா. ஓட்டுச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும், அடியில் கிடப்பவர்கூட மேலே வந்துவிடுவார். பெயர் கொடுக்கச் சம்மதித்துவிட்டு, ஜெயித்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, நாலு வருஷம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உன் அப்பா மறுபடியும் ஜெயித்தால் ஹோபார்ட்டாவது ஒன்றாவது! அதனால் அவர் ஆடுகளை இறக்க மலைக்குப் போயிருந்த வாரம், நான் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஐலிஃபுக்குக் குறி போடாதீர்கள், அவரைப் பேரக் குழந்தையிடம் கூட்டிக்கொண்டு போக விடுங்கள் என்று கெஞ்சினேன். சொந்தப் புருஷனுக்கு எதிராகப் பிரசாரம் செய்தவள் இந்த ஃபியோர்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லோரும் வாஃபிளைத் தின்றுவிட்டுச் சரி என்றார்கள், சொன்னபடியே செய்தும்விட்டார்கள்.

முடிவு வந்த காலை கடைக்குப் போனால் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அவருக்குப் போடாத குறியை எல்லாம் எனக்குப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள்! ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நம் பக்கத்து வீட்டு போர்கில்டைப் பிடித்துக் கேட்டேன். அவள் அசராமல், “எனக்கு ஓட்டுப் போடுன்னு எத்தனையோ பேரு வந்தாங்க, போடாதேன்னு வீடு தேடி வந்தவ நீ ஒருத்திதான், உன்னை நம்பாம வேற யாரை நம்பறது” என்றாள். அதோடு விட்டதா? மன்றத்தில் இரண்டு பக்கமும் சமபலம், அவர்கள் ஆளை இவர்கள் ஏற்கவில்லை, இவர்கள் ஆளை அவர்கள் ஏற்கவில்லை. தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்காதவள் என்று சொல்லி என்னைப் பிடித்து மேயர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். உன் அப்பா முதல் இரண்டு நாள் ஊரே கைவிட்டுவிட்டது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். போர்கில்ட் உண்மையைப் போட்டு உடைத்ததும் காபி புரையேறும் அளவுக்குச் சிரித்தார். “நன்றியுரை நான் எழுதித் தரட்டுமா மேயரம்மா?” என்று கேட்டார், கைத்துணியை எடுத்து வீசினேன். இப்போது போன் அடித்தால் எடுத்து, உனக்குத்தான் என்று நீட்டுகிறார், நான் இத்தனை வருஷம் நீட்டிய அதே முகத்தோடு.

இனி விளையாட்டில்லை சுன்னிவா. அந்தக் கடைசிப் படகை நிறுத்துவதா வேண்டாமா என்று மாவட்டத்தில் மறுபடியும் முடிவு செய்யும் கூட்டம், உனக்கு நாள் குறித்திருக்கும் அதே வாரத்தில் வருகிறது. மேயர் இல்லாமல் போனால் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். உன் அப்பா மட்டும்தான் வருகிறார். எனக்கு அழுகையாக வருகிறது, உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை கூத்தும் அடித்தேன். நீ பிறந்த ராத்திரி வலியோடு நான் தனியாகத்தான் ஃபியோர்டைத் தாண்டினேன், உன் அப்பா படகுக்காகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார், மறுநாள் காலைதான் உன்னைப் பார்த்தார். அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை. அவர் பேசிக் காப்பாற்றிய அந்தப் படகில்தான் நான் போனேன் என்பதை நானும் மறக்கவில்லை. இந்தத் தடவை கூட்டத்தில் நான் இருக்கிறேன், ஆஸ்பத்திரி வாசலில் அவர் இருக்கட்டும்.

குழந்தையை முதலில் அவர் கையில் கொடு, ஆனால் சொற்பொழிவு ஆற்ற விடாதே. குழந்தைக்கு நான் பின்னிய கம்பளிச் சட்டை அவர் பெட்டியில் இருக்கிறது, கை கொஞ்சம் நீளமாகிவிட்டது, மடித்துப் போடு. சுகமாகப் பெற்றெடுத்து நூறு வருஷம் நன்றாக இரு கண்ணே. கிறிஸ்துமஸுக்கு நான் வந்துவிடுவேன், அதற்குள் குழந்தைக்கு என் குரலைப் போனில் பழக்கிவை.

என் பெயருக்குக் கீழே மேயர் என்று போடச் சொல்லி உன் அப்பா தோளுக்குப் பின்னால் நின்று திருத்தம் கொண்டுவருகிறார். தள்ளுபடி.

உன் அம்மா,
குன்வோர்