மூன்று தலைகளும் ஒரு சவுரியும்

நேற்று கிள்ளானில், நம் பேத்தியின் கல்யாண மேடையில், என் தலைக்குப் பவுடர் போட்டார்கள். முகத்துக்கு இல்லை, தலைக்கு. படம் பிடிக்க வந்த பையன் கேமராவைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தான். கடைசியில், "தாத்தா, கோவிச்சுக்காதீங்க. உங்க தலையில லைட்டு அடிச்சு பொண்ணு முகமே தெரிய மாட்டேங்குதுலா" என்றான். மண்டபமே சிரித்தது. நம் தங்கம் தன் கைப்பையிலிருந்து பவுடரை எடுத்து, பெற்ற தகப்பன் என்றும் பார்க்காமல், தோசைக்கல்லில் மாவு தேய்ப்பதுபோல என் மண்டையில் தேய்த்துவிட்டாள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நீ நின்றிருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். அந்த இடத்தில் யாரோ ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார்கள்.

அதற்கு முன்பே, பெண்ணுக்கு அலங்காரம் நடந்தபோதே, உன் நினைவு வந்துவிட்டது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிவந்த சவுரி சடைக்குப் போதவில்லை என்று ஒரே கூச்சல். தங்கம் உன் பழைய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்ததும் கற்பூரமும் காறிப்போன எண்ணெயும் கலந்த வாசம் அறை முழுக்கப் பரவியது. உள்ளே உன் சவுரி.

"பாட்டிக்கு இவ்வளவு முடியா?" என்றாள் பேத்தி.

"அம்மாவுக்கு எப்பவுமே நல்ல முடி" என்றாள் தங்கம்.

நிறம் ஒத்துவரவில்லை என்று அவர்கள் வேறொன்று வாங்க ஆள் அனுப்பினார்கள். உன் சவுரியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது அது என் மடியில் இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தெரியுமே. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் நாம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லைன் வீட்டில் இருந்தோம். எனக்குத் தண்டவாளத்தில் பாதை மாற்றிவிடும் வேலை. எனக்கு அப்போதே தலை வழுக்கைதான். சண்டைக்கு முன்னால் பாசாரில் ஒருவன் கரடிக் கொழுப்புத் தைலம் என்று விற்றதை வாங்கித் தேய்த்ததில், தலையணைக்கு முடி முளைத்தாலும் முளைத்திருக்கும், எனக்கு முளைக்கவில்லை. உனக்கோ, உட்கார்ந்து தலைவாரினால் சடை நுனி தரையைத் தொடும். நம் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக ஒரு குடும்பத்துக்குத் தேவையான முடி இருந்தது.

தங்கத்துக்கு அடுத்துச் சின்னவன் பிறந்தான். அவன் தவழும் முன்பே நீ குளிர்காய்ச்சலில் விழுந்து எழுந்தாய். அதெல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் என் கஞ்சியில் நீளமாக ஒரு முடி கிடந்தது. எடுத்துக் காட்டி, "வழுக்கைத் தலை வீட்டுல கஞ்சியிலயாவது முடி இருக்கட்டும்" என்றேன். என் மட்டமான நகைச்சுவைக்கெல்லாம் சிரிக்கிறவள் நீ. அன்று சிரிக்கவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். குளிக்கிற இடத்து வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். யாரும் பார்க்கும் முன் நீ குனிந்து முடியை வாரி எடுத்து, சுருட்டி, இடுப்பில் செருகிக்கொள்வாய். பக்கத்து வீட்டு மருதாயி அக்கா பார்த்துவிட்டாள். "கண்ணு பட்டிருக்குடி. அவ்வளவு முடியையும் வெயில்ல விரிச்சுப் போட்டு உக்காந்திருந்தியே, சும்மா விடுவாங்களா?" என்று சொல்லி, மிளகாயே கிடைக்காத அந்தக் காலத்தில் மூன்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணேறு போனதோ இல்லையோ, மிளகாய் போனது எனக்கு வயிற்றெரிச்சல்.

நானும் சும்மா இருக்கவில்லை. தேங்காய் எண்ணெய் இல்லாததால் சிவப்புப் பனை எண்ணெயில் செம்பருத்தியைப் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தேன். நீயும் மறுக்காமல் தேய்த்துக்கொண்டாய். உன் நெற்றி, கழுத்து, தலையணை எல்லாம் ஆரஞ்சு நிறமானது. முடி நிற்கவில்லை. ஆரஞ்சுத் தலையணையில் விழுந்ததால் நன்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"டிரசர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வருவோம்" என்றேன்.

"முடி கொட்டுதுன்னு மருந்தகத்துக்குப் போறதா? ஊரே கிழங்கு தின்னுட்டுக் கெடக்கு. இவளுக்கு அழகு குறைஞ்சு போச்சாக்கும்னு சிரிப்பாங்க. பேசாம இருங்க."

நீ முறத்தைத் தட்டிய வேகத்தில் நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் தண்ணீர் வாளியைத் தூக்கி வரும்போது நீ நடுவழியில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். பயந்தேன்.

நமக்கு வழி காட்டியது தங்கத்தின் தலைதான். அவளுக்குக் காதுக்கு மேலே வட்டமாக ஒரு இடம். செதில் செதிலாக உரிந்தது. முடி பாதியில் ஒடிந்து அறுத்த வயல்போலக் கிடந்தது. எந்நேரமும் சொறிந்தாள். புழுவெட்டு, வெங்காயத்தைத் தேய் என்றாள் மருதாயி அக்கா. தேய்த்தோம். பிள்ளை அலறியதைத் தவிரப் பலன் இல்லை. உனக்கென்றால் வராத நீ, பிள்ளைக்கென்றதும் செருப்பைத் தேடினாய்.

டாக்டருக்குப் பதிலாக நமக்கு இருந்த டிரசர் அந்தோணி லைன் கோடியில் மருந்தகம் வைத்திருந்தார். மருந்துகள்தான் இல்லை. வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டு, "உங்க தலைக்கா மருந்து கேட்டு வந்தீங்க அண்ணே? அது உங்க அப்பா குடுத்த சொத்து. ஜப்பான்காரனாலகூட அதைப் பிடுங்க முடியாது" என்றார். முதல் தலைக்கு வைத்தியம் அத்தோடு முடிந்தது.

தங்கத்தை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். "இது படை. புழுவெட்டுன்னா வழவழன்னு காசு கணக்கா இருக்கும், செதில் வராது. இது தொத்தும். முடியை ஒட்ட வெட்டிட்டு இந்த ஊதா மருந்தைப் போடுங்க. சீப்பு, துண்டு, தலையணை எல்லாம் தனியா வைக்கணும். வெங்காயத்தைக் குழம்புல போடுங்க, தலையில வேணாம். சீழ் வச்சா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

எழுந்திருக்கப் போனாய். நான்தான் திக்கித் திக்கி, "அப்படியே இவ தலையையும்..." என்றேன். நீ என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. டிரசர் உன்னை உட்காரச் சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "அவரு வெளிய நிக்கட்டும்" என்றாய்.

பிள்ளை பெற்றபோதும் காய்ச்சலில் பிதற்றியபோதும் நான்தான் உன் பக்கத்தில் இருந்தேன். உன் தலையை மட்டும் நான் பார்க்கக்கூடாது. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். பலகைச் சுவர். உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"காய்ச்சல் கண்டுச்சா தங்கச்சி?"

"குளிர்காய்ச்சல். அது போயி ரொம்ப நாளாச்சு அண்ணே."

"அதான் கணக்கு. உடம்புக்குக் கஷ்டம் வந்தா முடி அன்னைக்கே விழாது. ரெண்டு மூணு மாசம் பொறுத்துத்தான் விழும். அதனால யாரும் காய்ச்சலையும் முடியையும் சேர்த்து நினைக்கிறதில்ல. புள்ள பெத்தாலும் இப்படித்தான் கொட்டும்."

"அப்ப கண்ணேறு இல்லீங்களா?"

"எங்க, கண்ணைக் காட்டு." பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. "வெளுத்துக் கெடக்கே. ரத்தமே இல்ல. என்ன சாப்பிடுற?"

"எல்லாரும் சாப்பிடுறதுதான்."

"பொய்யி!" என்றாள் நம் தங்கம். "அம்மா சோறே சாப்பிடாது. கஞ்சித் தண்ணிதான் குடிக்கும். சோறெல்லாம் அப்பாவுக்கும் எங்களுக்கும்."

சின்னவன் என் மொட்டைத் தலையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அன்று காலையில் நீ போட்ட சோறு என் வயிற்றில் இருந்தது.

டிரசர் வெளியே வந்து என்னைத் தள்ளி நிறுத்திச் சொன்னார்: "முடி வந்துரும் அண்ணே. அதைப் பத்திக் கவலை வேணாம். ஆளைப் பாருங்க. கால் வீங்கினாலோ மயக்கம் போட்டாலோ என்னைத் தேடிட்டு நிக்காதீங்க, நேரா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. இரும்பு மாத்திரை கொஞ்சம் இருக்கு, தரேன். ஆனா மருந்து அது இல்ல. இனிமே எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். கடைசியா சாப்பிடுறவளுக்குச் சட்டியில என்ன மிஞ்சும்?"

அன்று நீ பட்ட வெட்கம்! புருஷனுக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு உட்காருவதா? "யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றாய். "கதவைச் சாத்திட்டேன்" என்றேன். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, எங்கள் கண்ணில் படாமல் மென்றாய். உன் தட்டிலிருந்த சோற்றை என் தட்டுக்குத் தள்ளினாய். நான் திருப்பித் தள்ளினேன். நீ மறுபடியும் தள்ளினாய். பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று கைதட்டினார்கள். வாய்க்கால் ஓரத்தில் கங்குங் கீரை போட்டேன். நெத்திலி எங்கே வந்தாலும் வரிசையில் முதலில் நின்றேன். வயிறு நிறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஏப்பம் விடக் கற்றுக்கொண்டேன். அதில் நான் பெரிய கெட்டிக்காரன்.

தங்கம் ஊதாத் தலையோடு லைன் முழுக்கச் சுற்றினாள். நீ மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போனாய். பிறகு ஒரு நாள் முக்காடு இல்லாமல், பெரிய கொண்டையோடு வெளியே வந்தாய். "பாருடி, முடி வந்துருச்சு!" என்று நாலு பெண்கள் அதிசயப்பட்டார்கள். உதிர்ந்த முடியையெல்லாம் சேர்த்து மருதாயி அக்காவிடம் சவுரியாகக் கட்டி வாங்கியிருந்தாய். எனக்கு அது தெரியாது என்று நினைத்தாய். ஆம்பளைகளுக்குத் தலைமுடி கண்ணில் படுமா என்பது உன் எண்ணம்.

அந்த மாதங்களில்தான் எனக்குத் தூங்குமூஞ்சி என்ற பெயர் வந்தது. ஜப்பான்காரன் ஊர்க் கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ மணிக்கு மாற்றிவிட்டான்; வேலையும் அதன்படிதான். கடிகாரம் ஏழு என்னும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். நீ எழுந்து, விளக்கேற்றி, எல்லாம் முடித்துவிட்டு வந்து என் பாயை உதைப்பாய். "தலையில பாரமில்ல, அதான் இந்தத் தூக்கம்!" எத்தனையோ நாள் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஒரு நாள் பிந்திப் போனதற்கு யார்டில் ஜப்பான்காரன் கன்னத்தில் ஒன்று வைத்தான். வீங்கிய கன்னத்தோடு வந்தவனுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "நல்லா வேணும். எழுப்ப எழுப்பக் குறட்டை விட்டா?" என்றாய். கை மட்டும் மெதுவாகத்தான் ஒத்தியது.

டிரசர் சொன்னது நடந்தது. வாளியோடு நீ நடுவழியில் நிற்பது நின்றது. உதடு சிவந்தது. நெற்றி ஓரத்தில் கோழிக்குஞ்சுக்குப்போலக் குட்டி முடிகள் கிளம்பி, எண்ணெய்க்கும் படியாமல் எழுந்து நின்றன. தங்கத்துக்கும் வட்டம் மூடிக்கொண்டு வந்தது. ஒரு நாள் நீ உன் சொந்த முடியில் சின்னக் கொண்டை போட்டுக்கொண்டு, சவுரியைக் கற்பூரத்தோடு பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாய். மறுநாள் விடியும் முன் நான் எழுந்து பாயைச் சுருட்டியிருந்தேன்.

"இன்னைக்கு மழைதான்" என்றாய்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் பிந்தவில்லை. இருந்தும் பெயர் போகவில்லை. பிள்ளைகளிடம் சொன்னாய், மருமகனிடம் சொன்னாய், பேத்திகளிடம் சொன்னாய்: "உங்க தாத்தா ஜப்பான்காரன் காலத்துல அறை வாங்கிக்கிட்டுத் தூங்குன ஆளு." போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட ஊசி போட வந்த மிஸ்ஸியிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தேன்.

இப்போதும் விடியும் முன் விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணைத் திறக்காமல்தான் படுத்திருக்கிறேன். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

நீ முதன்முதலாகச் சவுரி வைத்த காலையில் நான் விழித்துவிட்டேன். விளக்கைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மெலிந்த முடியில் சவுரி நிற்காமல் நழுவியது. மறுபடியும் கட்டினாய், மறுபடியும் நழுவியது. நான் அசைந்த சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பினாய். உன் தோள் குலுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குறட்டை விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சீப்புச் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து சீப்பையும் கொண்டை ஊசியையும் காதால்தான் கேட்டேன். நீ கட்டி முடித்து எழுந்து, உன் கால் என் பாயில் படும்வரை காத்திருந்தேன்.

அந்தக் காலைகளில் ஒரு நாளும் நான் தூங்கவில்லை, புள்ள.